ஆகக்கூடியதும் ஆவதும்: கொழுப்புச் செல்லின் தோற்றம் பற்றிய ஆய்வு வரலாறு (1870–2019)

ஆய்வுச்சுருக்கம்

கொழுப்புத் திசுவிலுள்ள குருத்துச் செல்கள் முதிர்ந்த கொழுப்புச் செல்களாக வளர்கின்றன என்பது இன்று பாடநூற் செய்தியாகிவிட்டது. அச்செய்தி உருவான ஏறத்தாழ 150 ஆண்டுக்கால ஆய்வு வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வளர்ப்புத் தட்டில் ஒரு செல் எதுவாக ஆகக்கூடும் என்பது ஒரு வினா. உயிருள்ள உடலில் அது எதுவாக ஆகிறது என்பது வேறொரு வினா. 1970களுக்குப் பின் இவ்விரு வினாக்களும் ஒன்றெனக் கொள்ளப்பட்டன. 2001இல் 'குருத்துச் செல்' என்னும் பெயர் முதல் வினாவின் விடையைக் கொண்டே நிலைபெற்றது. இரண்டாம் வினாவிற்கான நேரடிச் சான்று 2008இல்தான் கிடைத்தது. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

திறவுச்சொற்கள்: கொழுப்புத் திசு, குருத்துச் செல், முன்கொழுப்புச் செல், செல் வளர்ப்பு, வேறுபாடடைதல், அறிவியல் வரலாறு, கலைச்சொல்.

முன்னுரை

முதிர்ந்த வெண்கொழுப்புச் செல்லின் அமைப்பு விந்தையானது. செல்லின் உள்வெளி முழுவதையும் ஒற்றைக் கொழுப்புத் துளி அடைத்துக்கொள்கிறது. சைட்டோபிளாசம் மெல்லிய விளிம்பாகச் சுருங்க, உட்கரு ஒரு பக்கமாக ஒதுக்கப்படுகிறது. திசுவை ஆல்கஹாலில் பதப்படுத்திச் சீவிப் பார்த்தால் கொழுப்பு கரைந்துபோய், கல் பதித்த மோதிரம் போன்ற வெற்று வளையமே எஞ்சும். இவ்வாறு நிறைந்துவிட்ட செல் இரண்டாகப் பகுப்படைந்து பெருகுவதாகக் காணப்படவில்லை. ஆயினும் உடல் பருக்கும்போது செல்களின் பருமன் மட்டுமன்றி எண்ணிக்கையும் கூடுவதுண்டு. எனில், புதிய கொழுப்புச் செல் எங்கிருந்து வருகிறது?

இவ்வினாவிற்குத் தரப்பட்ட விடைகளை நிரல்படத் தொகுத்தளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒவ்வொரு விடையும் எந்தக் கருவியால், எந்தச் சோதனையால் பெறப்பட்டது என்பதையும், அக்கருவி காட்டாதவை எவ்வாறு இல்லாதவையாகவே கருதப்பட்டன என்பதையும் நோக்குவதே இங்கு மேற்கொள்ளப்படுகிறது. மூளைப் பகுதியும் இதயமும் பெற்ற கவனத்தைக் கொழுப்புத் திசு பெறவில்லை. உடற்கூற்றறிஞர் வேறோர் உறுப்பை அடைவதற்காக அகற்றிவிடும் பொருளாகவே அது நெடுங்காலம் இருந்தது. ஆகவே அதன் வரலாற்றில் தற்செயலுக்கு மிகுந்த இடமுண்டு.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு

'ஸ்டெம் செல்' என்பதற்குத் தமிழில் குருத்துச் செல், குருத்தணு, தண்டுச் செல், மூலச் செல் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. தண்டுச் செல் என்பது சொல்லுக்குச் சொல் நேர்பெயர்ப்பு. மற்ற இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பொருளளவிலானது. குருத்து என்பது இனி விரியவிருப்பது. எதிர்காலத்தை நோக்கும் சொல். மூலம் என்பது வந்த வழியைச் சுட்டுவது. கடந்த காலத்தை நோக்கும் சொல். 1868இல் ஜெர்மானிய உயிரியலறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இக்கலைச்சொல்லின் ஜெர்மன் மூலத்தைக் கையாண்டபோது குலமரத்தின் அடிமரத்தையே, அதாவது முன்னோரையே கருதினார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல் ஆற்றலைக் குறிக்கும் சொல்லாக மாறியது. தமிழில் இவ்விரு பொருளுக்கும் இரு சொற்கள் இருப்பது இவ்வாய்வுக்கு உதவியாக அமைகிறது. வழக்கு மிகுதி கருதி இக்கட்டுரை 'குருத்துச் செல்' என்பதையே ஆள்கிறது; எனினும் அச்சொல் ஆற்றலைச் சொல்கிறது, வந்த வழியைச் சொல்வதில்லை என்பதை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும்.

நிரம்புதலா, பிறத்தலா?

1870இல் கார்ல் டோல்ட் கொழுப்புத் திசு தனக்கென வளர்ச்சி வழியுடைய தனித்த உறுப்பு எனக் கருத்துரைத்தார். அடுத்த ஆண்டே வால்தர் ஃபிளெமிங் அதனை மறுத்தார். இணைப்புத் திசுவின் சாதாரணச் செல்லே கொழுப்பை உட்கொண்டு நிரம்பிக் கொழுப்புச் செல்லாகத் தோற்றமளிக்கிறது. கொழுப்பு வடிந்தால் பழைய நிலைக்கு மீள்கிறது என்பது அவர் கொள்கை. செல் பகுப்பின் வரலாற்றில் நிலைத்த புகழ்பெற்ற அதே ஃபிளெமிங்தான் இவர். டோல்ட்டின் நோக்கில் கொழுப்புச் செல் ஒரு குலத்தில் பிறப்பது. ஃபிளெமிங்கின் நோக்கில் அது எந்தச் செல்லும் எய்தக்கூடிய ஒரு நிலை.

இருவரும் பார்த்தது பதப்படுத்தப்பட்ட, உயிரற்ற திசுவை. ஒரு சீவலில் சிறு துளிகளுடைய செல் ஒன்று தென்பட்டால் அது நிரம்பிக்கொண்டிருக்கிறதா, வடிந்துகொண்டிருக்கிறதா என்று சீவலால் சொல்ல இயலாது. காலத்தை நிறுத்திவைக்கும் கருவியைக் கொண்டு காலத்தில் நிகழும் மாற்றத்தைப் பற்றி வழக்காடியதால்தான் அவ்விவாதம் அரை நூற்றாண்டுக்கு மேல் தீராமல் நீண்டது. 1926இல் ஃபிரீட்ரிஷ் வாசர்மன் மனிதக் கருவில் கொழுப்பு தோன்றவிருக்கும் இடங்களில் முதலில் நுண்குழாய் வலையும் அதனைச் சூழ்ந்த செல் திரளும் அமைவதை விரித்துரைத்து டோல்ட்டின் பக்கம் நின்றார். கொழுப்புக்கும் இரத்தக் குழாய்க்கும் இடையிலான இவ்வுறவு எண்பது ஆண்டுகள் கழித்து வேறொரு வடிவில் மீண்டும் தலைகாட்டும்.

1940இல் எலியட் கிளார்க், எலினர் கிளார்க் இணையர் முயலின் காதில் ஒளி ஊடுருவும் சிறு அறையைப் பொருத்தி, உயிருள்ள திசுவில் கொழுப்புச் செல்கள் புதிதாக உருவாவதை நாள்தோறும் நுண்ணோக்கியில் தொடர்ந்தனர். நாரரும்புச் செல்லை ஒத்த செல்கள் சிறு துளிகளைச் சேர்த்து, அத்துளிகள் ஒன்றிணைந்து பெரிதாவதை அவர்கள் கண்டனர். கால ஓட்டத்தோடு கூடிய முதல் நேரடிச் சான்றுகளுள் இது முதன்மையானது. ஆனால் நாரரும்புச் செல்லை 'ஒத்த' செல் உண்மையில் நாரரும்புச் செல்தானா, அல்லது தோற்றத்தில் மட்டும் அதனை ஒத்த தனிக்குலத்ததா என்பதைக் கண்ணால் காண இயலவில்லை.

மிதந்தவையும் படிந்தவையும்

1935இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமரும் டேவிட் ரிட்டன்பர்கும் டியூட்டீரியம் ஏற்றிய கொழுப்பை எலிகளுக்கு ஊட்டி, உண்ட கொழுப்பின் பெரும்பகுதி உடனே எரிக்கப்படாமல் முதலில் சேமிப்பிடங்களுக்குச் செல்வதைக் காட்டினர். தேங்கிக் கிடக்கும் கிடங்கு என்னும் கருத்து இதனால் தகர்ந்தது. எனினும் இவ்வாய்வு கொழுப்பின் போக்குவரத்தைப் பற்றியது. செல்லின் பிறப்பைப் பற்றியதன்று.

திருப்பம் 1964இல் ஏற்பட்டது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பணியாற்றிய மார்ட்டின் ராட்பெல் எலியின் கொழுப்புத் திசுவைக் கொல்லாஜினேஸ் என்னும் நொதியால் கரைத்து மையவிலக்கியில் சுழற்றினார். கொழுப்பு நிறைந்த செல்கள் மேலே மிதந்தன. இரத்தக் குழாய்ச் செல்கள், இணைப்புத் திசுச் செல்கள், இரத்தச் செல்கள் முதலிய மற்றவை அடியில் படிந்தன. இன்சுலின் கொழுப்புச் செல்லின்மீது எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறிவதே அவர் நோக்கம்; ஆகவே ஆர்வமெல்லாம் மிதந்த செல்களின்மீதே குவிந்தது. ஹார்மோன் செய்தி செல்லுக்குள் கடத்தப்படும் முறையைப் பற்றிய ஆய்வுக்காக 1994இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் இவ்வழியின் தொடர்ச்சியே. இக்கட்டுரைக்கு வேண்டிய செல்களோ அடியில் படிந்த வண்டலில் இருந்தன. இன்றும் கொழுப்பிலிருந்து குருத்துச் செல்லைப் பிரிக்கும் எந்த ஆய்வகமும் அடிப்படையில் ராட்பெல்லின் முறையையே பின்பற்றுகிறது. அவர் ஒதுக்கியதை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

வண்டலின் பொருளை முதலில் உணர்த்தியவர்கள் ஹாலன்பர்கும் வோஸ்டும். 1968இல் அவர்கள் கதிரியக்கமூட்டிய தைமிடினை எலிகளுக்குச் செலுத்தினர். புதிதாக டி.என்.ஏ. உருவாக்கும் செல் மட்டுமே அதனை ஏற்கும். முதலில் கதிரியக்கம் வண்டற் செல்களில் தென்பட்டது. நாள்கள் செல்லச் செல்ல மிதக்கும் கொழுப்புச் செல்களில் அது ஏறியது. பகுப்படைந்தவை அடியிலிருந்தவை; பின்னர் அவை நிறைந்து மேலே வந்தன என்பதே இதற்கு இயல்பான விளக்கம்.

இதே ஆண்டில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் நிட்டிலும் ஜூல்ஸ் ஹிர்ஷும், பால்குடிப் பருவத்தில் மிகுதியாக ஊட்டப்பட்ட எலிகளுக்குப் பிற்காலத்தில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை மிகுந்திருப்பதைக் காட்டினர். எண்ணிக்கை இளமையிலேயே நிலைபெற்றுவிடுகிறது என்னும் கருத்து இதிலிருந்து பரவியது. ஆனால் அவர்களின் எண்ணும் முறையில் கொழுப்பைப் பற்றிக்கொள்ளும் ஆஸ்மியம் சேர்மம் பயன்பட்டது. கொழுப்பு இல்லாத செல், அது எவ்வளவு உறுதியாகக் கொழுப்புச் செல்லாக ஆகவிருப்பினும், அவ்வெண்ணிக்கையில் இடம்பெறாது. பிறக்கவிருப்பவற்றைக் காட்டாத கருவியைக் கொண்டு, பிறப்பு முடிந்துவிட்டது எனப் பலரும் முடிவு செய்தனர். இக்கால ஆய்வின் முதன்மைக் குறை இது எனலாம். 1976இல் கனடாவின் டொராண்டோவில் வேன், பேலிஸ், ரொன்கரி ஆகியோர் வளர்ந்த மனிதரின் கொழுப்பு வண்டலிலிருந்தே முன்னோடிச் செல்களை வளர்த்து, அவை கொழுப்பு சேர்ப்பதைக் காட்டியபோது அம்முடிவு தளர்ந்தது.

தட்டில் வளர்ந்த எலிச் செல்

இத்துறையின் போக்கையே மாற்றிய செல், கொழுப்புத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டதன்று. 1963இல் ஜார்ஜ் டொடாரோவும் ஹோவர்டு கிரீனும் சுவிஸ் இனச் சுண்டெலிக் கருக்களிலிருந்து ஒரு செல் வழியை உருவாக்கினர். மூன்று நாள்களுக்கு ஒருமுறை, தட்டு ஒன்றிற்கு மூன்று இலட்சம் செல்கள் வீதம் மாற்றி நட்டதால் அதற்கு 3டி3 என்று பெயர். புற்றுநோய் ஆய்வுக்காக உருவாக்கப்பட்ட வழி அது. அவ்வழியின் செல்கள் தட்டை நிறைத்துப் பகுப்படைவதை நிறுத்திய பின்னர், அவற்றுள் சில கொழுப்புத் துளிகளைச் சேர்ப்பதைக் கிரீனும் அவர்தம் குழுவினரும் கவனித்தனர். நலிந்த செல்லிலும் கொழுப்புத் துளிகள் சேர்வதுண்டு. இவற்றையும் நலிவின் அறிகுறியென ஒதுக்கியிருக்க இடமிருந்தது. 1974இல் கிரீனும் மியூத்தும், கிரீனும் கெஹிண்டேயும் எழுதிய கட்டுரைகள் இதனைக் கொழுப்புச் செல்லாக வேறுபாடடைதல் என்றே இனங்கண்டன.

கிரீன் செய்தது எளிமையானது, ஆனால் முடிவானது. கொழுப்பு சேர்க்கும் செல்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் வழித்தோன்றல்களை வளர்த்தார். 3டி3-எல்1 என்னும் கிளைவழி மிகுதியாகக் கொழுப்புச் செல்லாக மாறியது. 3டி3-சி2 என்னும் மற்றொரு கிளைவழி அதே ஊடகத்தில், அதே சூழலில் மாறவில்லை. தோற்றத்தில் இரண்டும் நாரரும்புச் செல்களே. இணைப்புத் திசுவின் எந்தச் செல்லும் நிரம்பக்கூடும் எனின் சி2 ஏன் நிரம்பவில்லை? மாறும் திறன் செல்லின் தலைமுறைகள்வழிக் கடத்தப்படுகிறது. ஆகவே அச்செல் ஏற்கெனவே ஒரு வழியில் உறுதிகொண்டது என்று கிரீன் வாதிட்டார். முன்கொழுப்புச் செல் என்னும் கருத்து இங்கு உறுதிப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து டோல்ட்டுக்குக் கிடைத்த ஆதரவு இது என்பேன். கிரீன் அவ்வாறு கூறவில்லை. 1979இல் 3டி3-எஃப்442ஏ என்னும் கிளைவழியை நோயெதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளின் தோலுக்கடியில் செலுத்தியபோது, இயல்பான கொழுப்புத் திட்டுகளே உருவாயின.

தொடக்கத்தில் இம்மாற்றத்திற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்சுலின், டெக்சாமெத்தசோன், ஐ.பி.எம்.எக்ஸ். எனப்படும் சேர்மம் ஆகிய மூன்றின் கலவை 1970களின் இறுதியில் வழக்கிற்கு வந்தபின் சில நாள்களிலேயே முதிர்ந்த செல்களைப் பெற முடிந்தது. இன்று உலகின் எந்த ஆய்வகத்திலும் கொழுப்புச் செல் வளர்ச்சி என்றால் பெரும்பாலும் இக்கலவையும் அதன் வேறுபாடுகளுமே. வேகம் ஒரு விலையைக் கோரியது. உடலில் எந்தச் செல்லும் இம்மூன்றையும் இவ்வளவு செறிவில், ஒரே நாளில் எதிர்கொள்வதில்லை. தட்டில் மாறிய எல்1 செல்லில் ஒற்றைப் பெருந்துளிக்குப் பதிலாகப் பல சிறு துளிகளே நிற்கின்றன. கலவை தரப்பட்டதும் எல்1 செல்கள் ஓரிரு சுற்று பகுப்படைந்த பின்னரே மாறுகின்றன. இச்சுற்று இன்றியமையாதது என்று பாடநூல்களிலும் இடம்பெற்றது. ஆனால் மனிதத் திசுவிலிருந்து நேரடியாகப் பெறப்பட்ட முன்னோடிச் செல்கள் அத்தகைய பகுப்பு இல்லாமலே மாறுவதாக 1996இல் ஜெர்மனியில் எண்டென்மனும் ஹாவ்னரும் காட்டினர்.

மரபணுக்களின் வரிசை

எல்1 செல்லின் உண்மையான கொடை, ஒரே நேரத்தில் ஒரே திசையில் மாறும் கோடிக்கணக்கான செல்களை வழங்கியதே. கொழுப்புத் துளி கண்ணுக்குத் தெரியும் முன்னரே செல்லின் உருவம் மாறிவிடுகிறது. நீண்ட செல் உருண்டையாகிறது. அதற்கும் முன்னரே ஆக்டின், டியூபுலின் ஆகிய சட்டகப் புரதங்களின் மரபணு வெளிப்பாடு குறைவதைப் புரூஸ் ஸ்பீகல்மனும் ஃபார்மரும் 1982இல் கண்டனர். அடுத்த ஆண்டு, செல்லைத் தளத்தோடு பிணைக்கும் ஃபைப்ரோநெக்டின் மிகுந்த பரப்பில் இம்மாற்றம் தடைப்படுவது தெரியவந்தது. ஆகவே நிரம்புவதால் செல் உருமாறவில்லை, உருமாறியபின் நிரம்புகிறது. ஃபிளெமிங்கின் கொள்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பு எழவில்லை என்பது என் கணிப்பு.

அதன்பின் ஆணையிடும் புரதங்களைத் தேடும் பணி தொடங்கியது. ஸ்டீவன் மெக்நைட் குழுவினர் சி.இ.பி.பி. குடும்பத்தைச் சேர்ந்த படியெடுத்தல் காரணிகளின் பங்கை 1991அளவில் வெளிப்படுத்தினர். அக்குடும்பத்தின் பீட்டா, டெல்டா வகைகள் முதலில் எழுகின்றன. ஆல்பா வகை பின்னர் வருகிறது. 1994இல் பீட்டர் டோன்டோனோஸ், எர்டிங் ஹூ, ஸ்பீகல்மன் ஆகியோர் பி.பி.ஏ.ஆர்.-காமா என்னும் உட்கரு ஏற்பியை நாரரும்புச் செல்லில் வலிந்து புகுத்தினர். அச்செல் கொழுப்புச் செல்லாயிற்று. மறுதலையாக, பி.பி.ஏ.ஆர்.-காமா இல்லாத செல்லில் சி.இ.பி.பி.-ஆல்பாவைப் புகுத்தினாலும் கொழுப்புச் செல் உருவாவதில்லை என்பது 2002இல் நிறுவப்பட்டது. தொடக்கக் காரணிகள் காமாவை எழுப்புகின்றன. காமாவும் ஆல்பாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவற்றின் ஆணையால் கொழுப்பைக் கொணரும் புரதங்களும், துளியைச் சூழ்ந்து காக்கும் பெரிலிப்பினும், இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் கருவிகளும் உருவாகின்றன.

இவ்விடத்தில் மருந்தியல் வரலாறு குறுக்கிடுகிறது. பியோகிளிட்டசோன் உள்ளிட்ட நீரிழிவு மருந்துக் குடும்பம், எதனோடு பிணைந்து செயற்படுகிறது என்பது அறியப்படாமலே 1980களில் உருவாக்கப்பட்டது. அது பிணைவது பி.பி.ஏ.ஆர்.-காமாவோடுதான் என 1995இல் தெரியவந்தது. கொழுப்புச் செல் உருவாவதைத் தூண்டும் மருந்து நீரிழிவைத் தணிக்கிறது என்னும் முரண், கொழுப்புச் செல்லின் பிறப்பு தீமை என்னும் எண்ணத்தை அசைத்தது. கொழுப்பு தங்க உரிய செல் இல்லாவிடில் அது கல்லீரலிலும் தசையிலும் தங்கும், அதுவே பெருந்தீங்கு.

ஆனால் உறுதிகொண்ட பின்னான கட்டங்களே இவ்வாறு விளக்கம் பெற்றன. உறுதிகொள்வதற்கு முந்திய நிலையைக் காட்ட எல்1 உதவாது. அது ஏற்கெனவே உறுதிகொண்ட செல். 1979இல் டெய்லரும் ஜோன்ஸும் சி3எச் எலியின் 10டி½ என்னும் செல் வழியை 5-அசாசைட்டிடினால் தாக்கியபோது தசை, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய மூவகைச் செல்களும் தோன்றின. ஒரே செல்லிலிருந்து பல வழிகள் பிரியக்கூடும் என்னும் எண்ணத்திற்கு வலுவான ஆதாரம் இது. ஆயினும் அக்காலத்தில் தசை ஆய்வாளர்கள் இதனைப் பயன்கொண்ட அளவுக்குக் கொழுப்பு ஆய்வாளர்கள் கொள்ளவில்லை. எலும்பு உருவாக்கப் புரதமான பி.எம்.பி.-4 இச்செல்லைக் கொழுப்பு வழியில் உறுதிகொள்ளச் செய்கிறது என்பது 2004இல்தான் காட்டப்பட்டது.

பெயர் சூட்டல்

வேறொரு கிளைவழி வரலாறு இங்கு வந்து கூடுகிறது. சோவியத் ஒன்றியத்தில் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் 1960களிலும் 70களிலும் எலும்பு மஜ்ஜையில் தட்டோடு ஒட்டி வளரும் செல்களைக் கண்டு, அவற்றை உடலில் நட்டு எலும்பாவதைக் காட்டினார். 1991இல் ஆர்னால்டு கேப்லன் இத்தகைய செல்களுக்கு இடையடுக்குக் குருத்துச் செல் என்னும் பொருள்படப் பெயரிட்டார். அக்காலத்திலேயே உடலிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சை பரவலாகியிருந்தது. 1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் வடிவம் பெற்ற அச்சிகிச்சையில் கழிவாக வீசப்பட்ட கொழுப்பு மலிவானது, அளவில் மிகுந்தது, கொடுத்தவர் இழப்பாகக் கருதாதது. மஜ்ஜையை எடுப்பது வலி மிகுந்தது. பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் இவ்வாய்வில் முன்னணியில் நின்றதற்குக் காரணம் இதுவே.

2001இல் பட்ரீஷியா ஜுக் முதலானோர், உறிஞ்சி எடுத்த மனிதக் கொழுப்பின் வண்டலிலிருந்து பெற்ற செல்கள் தகுந்த ஊடகங்களில் கொழுப்பு, எலும்பு, குருத்தெலும்பு, தசை ஆகியவற்றின் பண்புகளைக் காட்டுவதாக வெளியிட்டனர். ஒரே செல்லின் வழித்தோன்றல்களிலும் இத்திறன் உண்டு என்பதை 2002ஆம் ஆண்டுக் கட்டுரை சேர்த்தது. டொராண்டோவில் 1976இல் முன்னோடிச் செல் எனப்பட்டவையும் அதே வண்டலிலிருந்து வந்தவையே. மாறியது ஊடகமும் கேட்கப்பட்ட வினாவும். கொழுப்பாகுமா என்று மட்டும் கேட்டபோது அது முன்கொழுப்புச் செல். வேறு எவையெவையாக ஆகும் என்று கேட்டபோது அது குருத்துச் செல்.

இப்பெயரின் மதிப்பை ஒரு காப்புரிமை வழக்கு நன்கு காட்டுகிறது. கொழுப்பிலிருந்து பெறப்படும் குருத்துச் செல்லுக்கு அமெரிக்காவில் 2004இல் வழங்கப்பட்ட காப்புரிமையில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆடம் கட்ஸ், ரமோன் லுல் ஆகியோரோடு, அங்கு ஓராண்டு தங்கிப் பின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிய மார்க் ஹெட்ரிக்கும் அவர்தம் உடனாய்வாளர்களும் கண்டுபிடிப்பாளர்களாகக் குறிக்கப்பட்டிருந்தனர். ஹெட்ரிக் வருவதற்கு முன்னரே கருத்து முழுமை பெற்றுவிட்டதா என்பதே வழக்கு. அச்செல்கள் உண்மையில் குருத்துச் செல்களே என்று அப்போது உறுதியாக அறியப்பட்டிருக்கவில்லை என எதிர்த்தரப்பு வாதிட்டது. கருத்து உருவாக அறிவியல் உறுதிப்பாடு தேவையில்லை என 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்ஸ், லுல் பெயர்கள் மட்டுமே நின்றன. சட்ட நோக்கில் இது பொருத்தமான தீர்ப்பாகவே இருக்கலாம். அறிவியல் வரலாற்று மாணவருக்கோ, ஒரு செல் குருத்துச் செல் என்பதற்கான சான்று எப்போது போதுமானதாகிறது என்னும் வினா நீதிமன்றத்தில் நின்ற அரிய தருணம் இது.

பெயர் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. கண்ணின் மையப் பார்வை குன்றிய மூவருக்கு, அவரவர் கொழுப்பிலிருந்து எடுத்த 'குருத்துச் செல்' அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இரு கண்களிலும் செலுத்தப்பட்டதையும், அவர்கள் கடுமையாகப் பார்வை இழந்ததையும் 2017இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்தம் சார்ந்த நோய்களுக்கான இரத்தக் குருத்துச் செல் மாற்றத்தைத் தவிர மற்றவற்றை ஆய்வு நிலையினவாகவே வகைப்படுத்தின. பெயர் தந்த கேப்லனே, அப்பெயரை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று 2017இல் எழுதினார். இச்செல்கள் உடலில் புதிய திசுவாக மாறுவதாலன்றி, சுரக்கும் பொருள்களாலேயே பயன் தருகின்றன என்பது அவர் கூறிய காரணம்.

உடலுக்குள் தேடல்

2008ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்று ஆய்வுகள் வினாவைத் தட்டிலிருந்து உடலுக்கு மீட்டன. முதலாவது மனிதரைப் பற்றியது. வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் கார்பன்-14 அளவு 1950களின் நடுவிலிருந்து உயர்ந்து, 1963ஆம் ஆண்டுத் தடை உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அவ்வாண்டின் கார்பன் பதிந்துவிடுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் முதலானோர் இக்கணக்கைக் கொழுப்புச் செல்லுக்குப் பொருத்தி, வளர்ந்தோரின் கொழுப்புச் செல்களுள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காடு புதுப்பிக்கப்படுவதைக் கண்டனர். மொத்த எண்ணிக்கையோ வளர்ந்தோரிடம் பெரிதும் மாறாமல் நிற்கிறது. ஹிர்ஷின் எண்ணிக்கை சரியே. அதிலிருந்து மற்றவர் பெற்ற 'பிறப்பு நின்றுவிட்டது' என்னும் முடிவே தவறு. இறப்புக்கு ஈடாகப் பிறப்பு ஓயாது நிகழ்கிறது.

இரண்டாவதில் ஜொனத்தன் கிராஃப் குழுவினர் பி.பி.ஏ.ஆர்.-காமா வெளிப்படும் எலிச் செல்களுக்கு நிலையான அடையாளமிட்டு அவற்றின் கால்வழியைத் தொடர்ந்தனர். முன்னோடிச் செல்கள் கொழுப்புத் திசுவின் இரத்தக் குழாய்ச் சுவரில் தங்கியிருந்தன. வாசர்மன் 1926இல் கருவில் கண்ட உறவு இங்கு நினைவிற்கு வரும்.

மூன்றாவதே இக்கட்டுரையின் வாதத்திற்கு அச்சாணி. மாத்யூ ரோடெஹெஃபர், ஜெஃப்ரி ஃபிரீட்மன் முதலானோர் எலிக் கொழுப்பின் வண்டலை மேற்பரப்புக் குறிகளைக் கொண்டு பிரித்தனர். சி.டி.24 என்னும் குறி உடைய செல்கள், இல்லாத செல்கள் ஆகிய இரு வகையும் தட்டில் கொழுப்புச் செல்லாயின. ஆனால் கொழுப்புத் திசு அற்றுப் பிறந்த எலிகளுக்குள் அவற்றை நட்டபோது, சி.டி.24 உடையவை மட்டுமே கொழுப்புத் திசுவை உருவாக்கின. அவ்வெலிகளின் நீரிழிவும் சீரானது. தட்டில் இருவகையும் ஒன்றுபோல் 'ஆகக்கூடியவை'. உடலில் ஒன்றே 'ஆனது'. அக்குறி அற்றவை பயனற்றவை என்றும் கொள்வதற்கில்லை: 2013இல் அதே ஆய்வாளரின் குழு, சி.டி.24 உடைய செல் உடலுக்குள் அக்குறியை இழந்து, அதன்பின் கொழுப்புச் செல்லாகும் வழியில் செல்கிறது எனக் காட்டியது. இரண்டும் ஒரே வழியின் முன்னும் பின்னுமான நிலைகள். நட்டுப் பார்க்கும் சோதனையும் ஒரு கருவியே. நட்ட இடத்தில் வேர்கொள்ளாததை அது காட்டாது.

ஒற்றைச் செல்லின் ஆர்.என்.ஏ.வைத் தனித்தனியே வாசிக்கும் முறை வந்தபின் வண்டல் மேலும் பிரிந்தது. 2018இல் சுவிட்சர்லாந்தில் பார்ட் டெப்ளாங்க் குழுவினர் எலியின் தோலடிக் கொழுப்பில் சி.டி.142 குறி உடைய செல்களை இனங்கண்டு, அவை மற்ற முன்னோடிகள் கொழுப்புச் செல்லாவதைத் தடுப்பவை என்று கூறினர். 2019இல் பென்சில்வேனியாவில் பாட்ரிக் சீல் குழுவினர், திசுவைச் சூழ்ந்த நார் உறையில் தங்கும் டி.பி.பி.4 செல்களே தொடக்க நிலையின என்றும், அவற்றிலிருந்து ஐ.சி.ஏ.எம்.1 செல்களும் சி.டி.142 செல்களும் பிறக்கின்றன என்றும், இவ்விரண்டும் கொழுப்புச் செல்லாகும் உறுதி கொண்டவை என்றும் கண்டனர். ஒரே குறியைத் தாங்கிய செல் ஒரு கட்டுரையில் தடுப்பது, மற்றதில் ஆகவிருப்பது. இரத்தக் குழாய்ச் சுவரை முன்னோடியின் இருப்பிடமாகக் காட்டிய 2008ஆம் ஆண்டு ஆய்வுக்கு அருகில், நார் உறையைக் காட்டும் 2019ஆம் ஆண்டு ஆய்வும் நிற்கிறது. டி.பி.பி.4 செல்களை எலியின் தோலடியில் நட்டு அவற்றின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்தது சீல் குழுவின் சான்று. மனிதத் திசுவில் அவர்கள் கண்டது அதே குறி உடைய செல் தொகுதியை. மனிதச் செல்லுக்கு அத்தகைய அடையாளமிட்டு உடலுக்குள் தொடர வழியில்லை. ஆகவே அங்கு சான்று இன்னும் தட்டிலிருந்தே வருகிறது.